தவறிய ஆய்வக வகுப்பும் நண்பரின் அளவீடுகளும்

வணக்கம். காய்ச்சலால் சவ்வூடுபரவல் (நீர் சவ்வின் வழியே ஊடுருவிச் செல்லுதல்) ஆய்வக வகுப்பைத் தவறவிட்டதாகவும், அதற்கு மாற்று வகுப்பு இல்லை என்பதாகவும், உடன் செய்யும் நண்பரின் அளவீடுகளைக் கொண்டு அறிக்கை எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அவ்வாறு எழுத வேண்டாம். இருவரும் சேர்ந்து செய்த ஆய்வின் எண்களைப் பகிர்வதைப் பெரும்பாலான ஆசிரியர்கள் அனுமதிப்பார்கள். ஆனால் நீங்கள் இல்லாத வகுப்பின் எண்களை உங்களுடையவைபோல் சமர்ப்பிப்பது கல்வி நேர்மையை மீறுவதாகும், அதற்கு நண்பரும் சேர்ந்து பதில் சொல்ல நேரிடலாம்.

மாற்று வகுப்பு இல்லை என்ற விதி உங்களுக்குக் கடுமையாகத் தோன்றுவது இயல்பே. கரைசல்களும் கருவிகளும் அந்த வாரத்துக்கென்றே தயாராகி, அடுத்த ஆய்வுக்காக அகற்றப்பட்டுவிடுவதே பெரும்பாலும் அதற்குக் காரணம். ஆகவே இன்றே ஆசிரியருக்கு மருத்துவச் சான்றுடன் மின்னஞ்சல் அனுப்பி, அதே வாரத்தில் வேறொரு பிரிவில் இடம் உண்டா என்று கேளுங்கள். குறைந்த மதிப்பெண் பெற்ற ஓர் அறிக்கையைக் கணக்கில் சேர்க்காமல் விடும் வழக்கமும் சில பாடங்களில் உண்டு. பாடக் குறிப்பேட்டில் அதையும் பாருங்கள்.

எப்படியும் அந்த ஆய்வைப் புரிந்துகொள்ளுங்கள், தேர்வில் அது வரக்கூடும். வெவ்வேறு செறிவுள்ள கரைசல்களில் ஊறவைத்த உருளைக்கிழங்குத் துண்டுகளை எடைபோடும் முன் மேற்பரப்பு ஈரத்தை ஒற்றி எடுக்காவிட்டால், அந்த நீரும் எடையில் சேர்ந்து, செல்களுக்குள் நீர் புகுந்ததுபோல் காட்டிவிடும். எடை மாற்றச் சதவீதத்தைக் கரைசலின் செறிவுக்கு எதிராக வரையும்போது கோடு சுழியைக் கடக்கும் செறிவில், நீர் நிகரமாக உள்ளேயும் செல்வதில்லை, வெளியேயும் வருவதில்லை. அந்தப் புள்ளியை நண்பரின் வரைபடத்தில் அவரையே விளக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு எந்த விதியும் தடையில்லை.