ஊரில் வருத்தம் வந்தால் எந்த வாசலுக்கு? யாழ்ப்பாணம் வந்துபோறவைக்கு ஒரு கேள்வி பதில்

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு யாழ்ப்பாணம் வாறவர்களும், அங்கேயிருந்தபடி ஊரிலுள்ள தாய் தகப்பனைப் பார்த்துக்கொள்ளுறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். கட்டணம் எவ்வளவு என்று நிறையப்பேர் கேட்டிருக்கிறீங்கள். தொகை மாறிக்கொண்டே இருக்கும். பில் எப்படிக் கூடுது என்பது மாறாது, அதைச் சொல்லியிருக்கிறேன்.

ஸ்காபரோவிலிருந்து: அண்ணை, அப்பாவுக்கு 71 வயது, பிரஷரும் சீனி வருத்தமும் இருக்கு. மார்கழியில வந்து மூன்று மாதம் நிக்கப்போறார். இரவில நெஞ்சு நோ வந்தா எந்த பிரைவேட் ஆஸ்பத்திரி நல்லது?

ஒன்றுமில்லை தம்பி, நேரே பெரியாஸ்பத்திரி, அதாவது யாழ் போதனா வைத்தியசாலை. பிரைவேட் கெட்டது என்றதுக்காக இல்லை. இங்கே விசேட வைத்தியர்களில் பெரும்பாலானவர்கள் பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை, பின்னேரம்தான் பிரைவேட்டுக்கு வருவினம். இரவு இரண்டு மணிக்கு நீங்கள் பிரைவேட் வாசலில் நிற்கிறபோது உள்ளே இருப்பது ஒரு பொது வைத்தியரும் தாதிமாரும். ஈசீஜீ எடுப்பினம், மாரடைப்பு என்று தெரிந்தால் யாழ் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவினம். இருதயப் பிரிவும் தீவிர சிகிச்சைப் பிரிவும் அங்கேதான். இடையில் போன நேரம் இதயத் தசையில் கழிபடும்.

1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ. காசில்லை, தமிழில் கதைக்கலாம். அது அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகும், பிரைவேட்டுக்குக் கேட்டாலும் போகாது. ஒழுங்கைப் பெயர் சொன்னால் பிடிபடாது. கிட்டடியிலுள்ள கோயில், பள்ளிக்கூடம், சந்தி, அதிலிருந்து எந்தப் பக்கம் என்று சொல்லுங்கோ, கேற்றடியில் லைற்றோடு ஒருவரை நிறுத்துங்கோ. அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர் இல்லையென்றால், இரத்தக்கசிவு வருத்தமும் இல்லையென்றால், 300 மி.கி. சப்பி விழுங்கலாம். ஊரில் கிடைக்கிறது பெரும்பாலும் 75 மி.கி. குளிசை, அதில் நாலு.

வடமராட்சிக்காரருக்குப் பருத்தித்துறை, தென்மராட்சிக்குச் சாவகச்சேரி, வலிகாமம் வடக்குக்குத் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைகள் கிட்ட. வாய் கோணி, கை விழுந்தால் (பாரிசவாதம்) கடைசியாக நல்லாயிருந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கோ. இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு 4½ மணித்தியாலம்தான் எல்லை.

அதே ஆள்: அப்ப பிரைவேட் எதுக்கு?

திட்டமிட்டுச் செய்யிற எல்லாத்துக்கும். விசேட வைத்தியரைச் சந்திக்க, இரத்தப் பரிசோதனை, ஸ்கான், எண்டோஸ்கோப்பி, கண் வெண்புரை, ஹேர்னியா, தனி அறையில் இரண்டு நாள் படுக்க. அதில் வரிசையும் அலைச்சலும் உண்மையாகவே குறைவு.

சனல் பண்ணும்போது, அதாவது விசேட வைத்தியரைச் சந்திக்கப் பதியும்போது, நம்பர் தருவினம். 23ஆம் நம்பர் கிடைத்தவர் டொக்டர் வாற நேரத்துக்கே போய்க் குந்தத் தேவையில்லை. போன் எடுத்து "இப்ப எத்தினையாம் நம்பர் போகுது" என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கோ. பெரியாஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை இழுபட்டால் டொக்டர் ஒரு மணித்தியாலம் பிந்துவார், சிலவேளை வரவே மாட்டார். சித்திரை வருசம், நத்தார், போயா தினங்களை ஒட்டிச் சனல் குறைவு. பயணத் தேதியை அதற்குப் பிறகு வையுங்கோ.

பில்லில் டொக்டர் கட்டணமும் ஆஸ்பத்திரிக் கட்டணமும் தனித்தனி. சத்திரசிகிச்சை என்றால் சத்திரசிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், தியேட்டர், அறை, மருந்து, பரிசோதனை, ஊசி நூல் சாமான்கள் என்று ஏழெட்டு வரி வரும். "பேக்கேஜ்" என்று ஒரு தொகை சொன்னால், அதில் என்ன அடங்காது என்று கேளுங்கோ. மருந்து, மேலதிக இரவு, வெட்டியெடுத்த தசையின் பயொப்சி, இந்த மூன்றும்தான் கடைசியில் முழிக்க வைக்கிறது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு வேறு விலையா என்பதையும் முதலே கேட்டு, கடதாசியில் வாங்குங்கோ. டொக்டரின் பதிவை இலங்கை மருத்துவ சபையின் இணையப் பதிவேட்டில் பெயர் போட்டுப் பார்க்கலாம்.

சூரிச், லண்டன், டோட்முண்ட் என்று பலர்: எங்கட நாட்டு இன்சூரன்ஸ் யாழ்ப்பாணத்தில செல்லுமா?

நாட்டுக்கு நாடு வேறு. சுவிஸ் அடிப்படைக் காப்புறுதி, அவசர வருத்தத்துக்கு, சுவிஸில் அதே சிகிச்சைக்கு ஆகிற செலவின் இரண்டு மடங்குவரை கொடுக்கும். யாழ்ப்பாணப் பில் அந்த எல்லையைத் தொடாது. ஆனால் உங்கட பிராஞ்சீஸ் (வருசத்தில் முதலில் நீங்களே கட்டவேண்டிய தொகை) 2500 பிராங் என்றால் அதற்குக் கீழான பில் முழுக்க உங்கட பொக்கற்றில்தான். பிரித்தானியாவின் அரசாங்க மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸுக்கும் இலங்கைக்கும் ஒப்பந்தம் இல்லை. அவை தாற ஜீஎச்ஐசி பயண மருத்துவ அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வாங்கோ. ஜெர்மன் அரசாங்கக் காப்புறுதியும் இங்கே செல்லாது. பயணக் காப்புறுதி தனியாக எடுக்கவேணும், வருடாந்தப் பொலிசி என்றால் ஒரு பயணத்துக்கு எத்தனை நாள் என்று பாருங்கோ. பொதுவாக ஆறு தொடக்கம் எட்டுக் கிழமைதான், மூன்று மாதம் நிற்கிறவருக்குக் காணாது. பிரான்ஸில் எதிர்பாராத அவசரச் சிகிச்சைக்கு எஸ்3125 படிவம் நிரப்பிக் கேட்கலாம், தருவதும் விடுவதும் அங்கத்தைய காப்புறுதிக்காரரின்ர முடிவு.

ஒன்ராறியோக்காரர்: ஓஹிப் (மாகாண அரசாங்க மருத்துவக் காப்புறுதி) வெளிநாட்டில் வாட்டில் படுத்தால் நாளொன்றுக்கு 200 டொலர்வரை, தீவிர சிகிச்சை போன்ற உயர்மட்டப் பராமரிப்புக்கு 400 டொலர்வரைதான் ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தரும். 12 மாதத்தில் 212 நாளுக்கு மேல் வெளியே நின்றால் ஓஹிப்பே ஆட்டம் காணும்.

கனேடியப் பயணக் காப்புறுதியில் வயதானவர்கள் விழுகிற குழி ஒன்று இருக்கு. பழைய வருத்தம் 90 அல்லது 180 நாள் "மாற்றமில்லாமல்" இருந்திருக்கவேணும். வெளிக்கிட ஒரு மாதத்துக்கு முன் குடும்ப டொக்டர் பிரஷர் குளிசையை 5 மி.கி.யிலிருந்து 10 ஆக்கினால் அது மாற்றம். குறைத்தாலும் பல பொலிசிகளில் மாற்றம்தான். அந்த வருத்தத்தால் வாற செலவைக் கைவிரிப்பினம். மருந்து மாறினால் பயணத்துக்கு முன்னமே கொம்பனிக்கு அறிவித்துப் பதிலை எழுத்தில் வாங்குங்கோ.

வாட்டில் படுத்த உடனே, முடிந்தால் படுக்க முன்னமே, பொலிசியிலுள்ள உதவி நம்பருக்கு அடியுங்கோ. இங்கே பெரும்பாலும் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு எடுக்கிறதுதான். அதற்கு வேண்டியவை: டயக்னோசிஸ் கார்ட் (வீட்டுக்கு விடும்போது வருத்தமும் சிகிச்சையும் எழுதித் தாற அட்டை), வரிவரியாகப் பிரித்த பில், கட்டின ரசீதுகள், மருந்துத் துண்டு, ரெஸ்ட் ரிப்போட்கள், கடவுச்சீட்டில் வந்திறங்கிய முத்திரைப் பக்கம். இவை ஆங்கிலத்திலேயே வரும், மொழிபெயர்ப்புத் தேவைப்படாது.

பெயர்தான் வில்லங்கம். கவுண்டரில் கேட்டால் எங்கட ஆட்கள் "சிவா" என்று சொல்லிப்போட்டு நிற்பினம். கடவுச்சீட்டில் தகப்பன் பெயரும் சேர்ந்து முப்பது எழுத்து. இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க மாதக்கணக்கில் இழுபடும். பதியும்போதே கடவுச்சீட்டை நீட்டுங்கோ. ரசீதுகள் வெப்பக் கடதாசியில் என்றால் எழுத்து மங்கிப்போகும், அன்றைக்கே படம் எடுங்கோ.

மார்க்கம், பெண் ஒருவர்: அம்மாவின்ர சீனி 162 எண்டு ரிப்போட்டில கிடக்கு. என்ர மெசினில 9 காட்டுது. எது பிழை?

இரண்டும் சரி. இங்கே மி.கி./டெ.லீ., உங்களிடம் மில்லிமோல். 162ஐ 18ஆல் பிரித்தால் 9. கொலஸ்ரோலுக்கு 38.7ஆல் பிரிக்கவேணும் (200 என்றால் 5.2), கிரியற்றினினை 88.4ஆல் பெருக்கவேணும் (1.2 என்றால் 106). மூன்று மாதச் சீனி, அதுதான் எச்பிஏ1சி, இங்கே சதவீதத்தில் வரும்: லண்டன்காரரின் 53 இங்கே 7.0, 58 என்றால் 7.5. ரிப்போட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது இலக்கத்தை மட்டும் தட்டாமல் அலகோடு படமாக அனுப்பச் சொல்லுங்கோ.

பாரிஸ்: மருந்து முடிஞ்சா இங்க பாமசியில வாங்கலாமோ?

பெரும்பாலும் வாங்கலாம், பிராண்ட் பெயரைச் சொன்னால் கிடைக்காது. மூலப்பெயரும் மி.கி. அளவும் உள்ள பட்டியல் கொண்டு வாங்கோ. கனடாவில் அசற்றமினோபென் என்பது இங்கே பரசிற்றமோல். இன்சுலின் பேனாவா குப்பியா, எந்தக் கலவை என்பது முக்கியம். பேனாவுக்கான கார்ட்ரிஜ் எல்லாக் கடையிலும் இராது. முழுப் பயணத்துக்கும் இரண்டு கிழமைக்குக் கூடுதலாகவும் கையில் கொண்டு வாங்கோ. பெட்டியில் போட்டால் விமானத்தின் அடியில் உறையக்கூடும், உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. சித்திரை வைகாசி வெயிலில் காருக்குள் விட்டதும் அப்படியே. கரண்ட் நிற்கிற வீட்டில், ஈரத்துணி சுத்தின மண்பானைக்குள் வைத்தால் பாவிக்கிற குப்பி தாக்குப்பிடிக்கும்.

லண்டன்: போனமுறை வந்த எல்லாருக்கும் காய்ச்சல். டெங்கு எண்டா என்ன செய்யிறது?

மழைக்காலம், கார்த்திகையிலிருந்து தை வரை, இங்கே டெங்கின் பருவம். நீங்கள் வாற பருவமும் அதுதான்.

காய்ச்சல் தொடங்கிய நாளை ஒன்றாம் நாள் என்று எண்ணுங்கோ. பரசிற்றமோல் மட்டும்: வளர்ந்தவருக்கு 500 மி.கி. குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம். உடம்பு நோவுக்கு ஐபுப்ரோபென், டைக்ளோபெனாக், அஸ்பிரின் ஒன்றும் வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பையில் பெரும்பாலும் இருப்பதே ஐபுப்ரோபென். அஸ்பிரினை டொக்டர் சொல்லி ஒவ்வொரு நாளும் போடுகிறவர் அதை உடனே டொக்டரிடம் சொல்லவேணும். என்எஸ்1 பரிசோதனை முதல் நாட்களில்தான் பிடிக்கும், நெகட்டிவ் வந்தாலும் டெங்கு இல்லையென்று அர்த்தமில்லை. மூன்றாம் நாளிலிருந்து எப்பிசி, அதாவது முழு இரத்தக் கணக்கு, ஒவ்வொரு நாளும். இதற்குப் பிரைவேட் லாப் நல்ல வசதி, சில மணித்தியாலத்தில் ரிப்போட். பிளேற்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே வந்தால் வாட்டில் படுக்கவேணும்.

காய்ச்சல் விட்டுவிட்டது என்று சந்தோசப்படுகிற நேரம்தான் ஆபத்து. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிற அந்த 24 தொடக்கம் 48 மணித்தியாலம் அப்போதுதான் தொடங்கும். கடும் வயிற்றுக்குத்து, விடாத சத்தி, கைகால் குளிர்தல், ஆறு மணித்தியாலம் சலம் போகாமை, இதில் ஒன்று கண்டாலும் காத்திருக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு.

"களைப்பாயிருக்கு, ஒரு சேலைன் ஏத்திவிடுங்கோ" என்று சின்னக் கிளினிக்கில் கேட்கிற பழக்கம் எங்கட ஆட்களிடம் இருக்கு. டெங்கில் அது கூடாது. இந்த நோயில் திரவத்தை மணித்தியாலக் கணக்கில் அளந்துதான் கொடுப்பார்கள், கூடினால் நெஞ்சில் நீர் சேரும். வீட்டில் இருக்கிறபோது 50 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டரை லீற்றர் போதும்: கஞ்சி, இளநீர், ஜீவனி (உப்பு சீனிக் கரைசல் பக்கற்). சிவப்பு, மண்ணிறப் பானங்களைத் தவிருங்கோ, சத்தி எடுத்தால் இரத்தமா என்று பிடிபடாது. பப்பாளி இலைச்சாறு குடித்துக்கொண்டு இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறதும் வேண்டாம்.

வயலில், வெள்ளத்தில் கால் வைத்தவர் அதையும் டொக்டரிடம் சொல்லவேணும். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் கொண்டுபோனது எலிக்காய்ச்சல். தடுப்புக் குளிசை பற்றி உங்கட பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) கேட்கலாம்.

டென்மார்க்: பாம்பு, நாய்?

இரண்டுக்கும் அரசாங்க ஆஸ்பத்திரி. பாம்பு கடித்தால் கட்டாதேங்கோ, வெட்டாதேங்கோ, மோதிரம் காப்பைக் கழற்றி, காலை அசைக்காமல் கொண்டுபோங்கோ. பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. நிலத்தில் படுத்தவர் விடிய வயிற்றுநோவோடும் இமை சரிந்தும் எழும்பினால், கடித்த அடையாளம் இல்லாவிட்டாலும், பாம்பு என்றே நினைத்துப் போங்கோ. நாய்க்கடிக்கு முதலில் சவர்க்காரமும் ஓடுகிற தண்ணியுமாகப் பதினைந்து நிமிடம் கழுவவேணும்.

மெல்பேர்ன்: ஐந்து கிழமை லீவில பல்லுக் கட்டலாமோ?

வேர்ச் சிகிச்சையும் பல்லுக்கு மேல் போடுகிற கவசமும் (கிரவுன்) முடிக்கலாம், வந்த முதல் கிழமையே தொடங்கினால். வேருக்கு இரண்டு மூன்று தடவை, கவசம் அச்செடுத்து லாப்பில் இருந்து வர ஒன்று இரண்டு கிழமை, பொருந்தாவிட்டால் திருத்த இன்னொரு கிழமை. இம்பிளாண்ட் அப்படியில்லை. திருகு எலும்போடு சேர மூன்று தொடக்கம் ஆறு மாதம், ஆகவே இரண்டு பயணம். திருகின் பிராண்ட், அளவு எழுதின அட்டையை வாங்காமல் விட்டால் அங்கேயுள்ள பல் டொக்டருக்கு எந்தச் சாவி என்றே தெரியாது. வெண்புரை செய்தால் வில்லையின் ஸ்ரிக்கரையும் அதே மாதிரி வைத்திருங்கோ.

ஒஸ்லோ: அம்மா கோண்டாவிலில் தனிய. கிளினிக்குக்கும் போறா, பிரைவேட்டிலயும் காட்டுறா. குளிசை ஒரு பை நிறையக் கிடக்கு.

அந்தப் பையைத்தான் முதலில் கொட்டிப் பார்க்கவேணும். அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் மெட்போமின், பிரைவேட்டில் குளூகோபேஜ் என்று எழுதினால் இரண்டும் ஒரே மருந்து, அம்மா இரட்டை அளவு போட்டுக்கொண்டிருப்பா. வீடியோ அழைப்பில் ஒவ்வொரு அட்டையையும் காட்டச் சொல்லி மூலப்பெயரை எழுதுங்கோ. அந்தத் தாளைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டி, எந்த டொக்டரிடம் போனாலும் கொப்பியோடு போகச் சொல்லுங்கோ. காசு இருக்கு என்று கிளினிக்கை நிறுத்த வேண்டாம். திடீரென்று வாட்டில் படுக்கும்போது அந்தப் பதிவுதான் கைகொடுக்கும். ஒப்புதல் கையெழுத்துக்கு ஊரிலேயே ஒரு ஆளை இப்போதே சொல்லிவையுங்கோ. ஒஸ்லோவில் நித்திரையாயிருக்கிற பிள்ளையைத் தேடி தியேட்டர் காத்திராது.

ரொறன்ரோ: மூன்று மாதக் குழந்தைக்குக் கிணத்துத் தண்ணியைக் கொதிக்கவைச்சு மாப்பால் கரைக்கலாமோ?

வேண்டாம் அக்கா. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடுதல். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று வற்றிச் செறியும், குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் காவுறதைக் கெடுக்கும். ஆர்ஓ வடிகட்டின தண்ணியை வாங்கி, அதைக் கொதிக்கவைத்துக் கரையுங்கோ.

பேர்மிங்ஹாம்: ஒப்பரேசனுக்குப் பிறகு எப்ப பிளேன் ஏறலாம்?

துளை போட்டுச் செய்த அப்பென்டிக்ஸுக்கு 4–5 நாள், வயிறு அல்லது நெஞ்சில் பெரிய வெட்டு என்றால் 10 நாள், வெண்புரைக்கு ஒரு நாள். இவை சிக்கலில்லாதவருக்கான குறைந்தபட்ச அளவு, கடைசி முடிவு வெட்டின டொக்டருடையது. புதிதாகப் பிளாஸ்டர் போட்ட கால் என்றால் நீண்ட பறப்புக்கு 48 மணித்தியாலம் கழியவேணும். விழித்திரைச் சத்திரசிகிச்சையில் கண்ணுக்குள் வாயு அடைத்தவர் அது கரையும்வரை ஏறவே கூடாது. விமானக் கொம்பனியின் மருத்துவப் படிவத்தை டொக்டரிடம் நிரப்புவிக்கவேணும், அதை டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கே செய்யுங்கோ. பிறகு அதற்கென்று இன்னொரு சனல் போடவேண்டி வரும்.