மூன்று ஏக்கருக்கு 33 புசல்

கேள்வி: நான்கு மாதமாகப் பைதன் என்ற கணினி மொழியில் கோட் எழுதப் பழகுகிறேன். பத்து வரி தாண்டுவதற்குள் வடிவில்லை, ஒழுங்கில்லை என்று அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்குகிறேன். எரர் வந்தால் 'உனக்கு இது சரிவராது' என்றுதான் மனம் சொல்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, பரந்தன்

பதில்: ஒருதரம் ஓடும்வரை ஒரு வரியும் அழிப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வரி எழுதியதும் ஓட்டிப் பாருங்கள். வடிவு பிறகு பார்க்கலாம்.

விதைநெல் கணக்கையே எடுங்களேன். முதல் வரி எத்தனை ஏக்கர் என்று இன்புட் என்ற கட்டளையால் கேட்கிறது. அடுத்தது ஏக்கருக்கு 2 புசல் என்று பெருக்குகிறது. மூன்றாவது விடையைக் காட்டுகிறது. 3 என்று கொடுத்தால் 33 என்று வரும். எரர் ஒன்றும் இராது! வயல் செய்கிறவர் எவரும் 6 புசல் என்று வாயால் சொல்லிவிடுவார். இன்புட்டில் வருவதெல்லாம் பைதனுக்கு எழுத்துத்தான். எழுத்தை 2 ஆல் பெருக்கச் சொன்னால் அதையே இரண்டுதரம் எழுதித் தரும். இன்புட்டைச் சுற்றி, எழுத்தை முழு எண்ணாக்கும் இன்ட் போட்டால் 6 வரும். இரண்டரை ஏக்கர்க்காரர் 2.5 என்று கொடுத்தால் வேல்யூ எரர். இன்ட்டை, தசமமும் ஏற்கும் ஃப்ளோட் ஆக்கினால் 5.0. விடையைப் போட்டு வைக்கும் மாறிக்கு என்ன பெயர் வைப்பது என்று ஒரு மணித்தியாலம் யோசித்தாலும் இதில் ஒன்றுகூடப் பிடிபட்டிராது.

எரரில் கடைசி வரியை முதலில் வாசியுங்கள், என்ன பிழை என்பது அங்கேதான் இருக்கும். பிறகு வரி எண். அந்த வரியில் குறை தெரியாவிட்டால் முந்திய வரியில் அடைப்புக்குறி மூடாமல் கிடக்கிறதா பாருங்கள். 2021 இல் வந்த 3.10 பதிப்பிலிருந்து மூடாத இடத்தைப் பைதனே காட்டும். பழைய பதிப்பு அடுத்த வரியில் பழியைப் போட்டுவிடும். உங்களுடையது எந்தப் பதிப்பு என்று ஒருக்கால் பாருங்கள்.

ஒரு கொப்பியில் எரர், காரணம், திருத்தம் என்று மூன்று நிரல் போட்டு எழுதி வாருங்கள். 'எனக்குக் கோடிங் வராது' என்பதை அதில் எழுத இடமிராது. '2 ஆம் வரியில் எழுத்தை எண்ணாக்க மறந்தேன்' என்பதை எழுதலாம். டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைச் செய்த டொனால்ட் குனூத் இப்படித்தான் 1978 இலிருந்து பத்து வருடம் தன் பிழைகளைக் குறித்து வைத்தார். 850 க்கு மேல். அவற்றை 15 வகையாகப் பிரித்து 1989 இல் கட்டுரையாகவும் வெளியிட்டார். அற்பத் தட்டச்சுப் பிழைக்கும் அதில் ஒரு வகை இருக்கிறது.

கோட் ஓடியதும் நெல்1 என்று சேமித்துவிட்டு, நெல்2 என்ற பிரதியில் பத்து நிமிடம் மட்டும் பெயர்களைத் திருத்துங்கள். மூலப்பிரதி இருப்பதால் கை நடுங்காது. அரை மணித்தியாலம் முட்டுப்பட்டால் யாரிடமாவது கேளுங்கள். என்ன வரவேண்டும், என்ன வந்தது, முழு எரர் வாசகம் மூன்றையும் எழுத்தாகவே அனுப்புங்கள். திரையைப் போனில் படமெடுத்து அனுப்பினால் உதவி செய்ய வருபவருக்கும் கண் வலிதான்.

கேள்வி: மற்றவர்களின் கோட் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! என்னுடையதைக் காட்டவே வெட்கம்.
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: பலரும் கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் அந்தக் கோப்பைத் திறந்து 'ஹிஸ்டரி'யை அழுத்துங்கள். நீங்கள் பார்த்தது கடைசிப் பிரதி. முதல் பிரதிக்கு இறங்கிப் போய் அதோடு உங்களுடையதை வைத்துப் பாருங்கள்.