மைலோ டின்னில் விழுந்த சீட்டுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் போன ஞாயிறு ஆராதனை முடிந்து கோப்பி குடிக்கும் நேரத்தில், ஒரு மைலோ டின்னை வைத்துக் கேள்விகளை எழுதிப் போடச் சொன்னேன். துக்கத்தில் இருப்பவர்களிடம் என்ன பேசுவது என்பதுதான் விஷயம். நான் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசராக இருந்து ஓய்வு பெற்றவன், சபையில் உபதேசியார். பேசிக் கெடுத்த அனுபவமும் நிறைய உண்டு. வந்த சீட்டுகளும் என் பதில்களும் இதோ.

ஐயா, பக்கத்து வீட்டுப் பையன் மோட்டார் விபத்தில் போய்விட்டான். அவன் அம்மாவிடம் "எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டார். தப்பா?

தப்புதான் தம்பி. "உன் மகன் சாகட்டும் என்று கடவுள் நினைத்தார்" என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கும். கைக்குழந்தையைப் பறிகொடுத்த ஒரு பால்வெட்டுக்கார அம்மாவிடம் நானும் இப்படித்தான், தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்கு எல்லாம் நன்மைக்கே நடக்கும் என்கிற ரோமர் 8:28ஐச் சொன்னேன். கொடியில் கிடந்த பிள்ளைத் துணியை மடித்துக்கொண்டே, "சரிங்க டிரெசர்" என்றார். அப்புறம் ஒரு வருஷம் மருந்துக்குக்கூட என்னிடம் வரவில்லை, ஆள் விட்டு வாங்கிக்கொண்டார்.

வேதாகமத்தில், பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவின் நண்பர்கள் 7 நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லப்போய்த்தான், "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்", அதாவது ஆறுதல் என்று வந்து வேதனைப்படுத்துகிறவர்கள் என்று பேர் வாங்கினார்கள்.

மறுபடி போங்கள். "அன்றைக்குத் தெரியாமல் பேசிவிட்டேன் அம்மா" என்று சொல்லுங்கள். பையனின் பேரைச் சொல்லுங்கள். நாம்தான் அந்தப் பேரைத் தவிர்க்கிறோம், பெற்றவள் அதைக் கேட்கத் தவிக்கிறாள். அவன் உங்கள் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்தது நினைவிருந்தால் அதைச் சொல்லுங்கள். "ஆண்டவரே, இந்த அம்மாவைப் பிடித்துக்கொள்ளும்" என்று ஒரு வரி ஜெபித்தால் போதும்.

விசுவாசி இப்படி அழலாமா என்று பெரியம்மா கேட்கிறார்.

செத்துப்போன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப் போவது தெரிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார். யோவான் 11ஐப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்பலாமா?

ரோஜாப்பூப் படத்தோடு வேண்டாம். "பதில் போட வேண்டாம் அக்கா, உங்களை நினைத்துக்கொண்டேன்" என்று நீங்களே எழுதுங்கள்.

துக்க வீடு இந்து வீடு. ஜெபிக்கலாமா?

கேட்டுவிட்டு ஜெபியுங்கள். வேண்டாம் என்றால் சரி, நாற்காலி அடுக்க ஆள் தேவைப்படும். கருமக்கிரியை நாளில் பிரசங்கம் செய்பவர்களை எனக்குப் பிடிக்காது.

என் தோழி "செத்துப்போகலாம் போல இருக்கு" என்கிறாள். என்ன வசனம் சொல்வது?

வசனம் அப்புறம். "சாக வேண்டும் என்று நிஜமாகவே தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமென்றால் தனியே விடாதீர்கள். மலேசியாவின் உதவி எண்ணான 15999க்கு அடியுங்கள், அது 24 மணி நேரமும் உண்டு. ஆபத்து கண்முன் இருந்தால் அவசர எண் 999. போலீஸ் கேஸாகும் என்று வீட்டார் பயந்தால், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டதைச் சொல்லுங்கள். தீர்க்கதரிசி எலியாவும் சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிப் படுத்தவர்தான். தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான்.

எனக்குப் பேசவே வராது. சாப்பாடு கொண்டுபோனால் போதுமா?

போதும். திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத டப்பாவில் கொண்டுபோங்கள். முதல் வாரம் எல்லாரும் மீகூன் கொண்டுவந்து மிஞ்சிப்போகும். நீங்கள் மூன்றாம் வாரம் போங்கள்.