கோத்தகிரியில் ஒரு நில அதிர்வு – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரிக்கு அருகே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் வீடு. சென்ற வாரம் ஒருநாள் இரவு பத்தரை மணி இருக்கும், அடுக்களையை ஒழித்துக்கொண்டிருந்தேன். பாரம் ஏற்றிய லாரி மேட்டில் ஏறுவதுபோல ஓர் உறுமல் கேட்டது. இரண்டு மூன்று விநாடி கழித்துத் தரை குலுங்கியது. கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின. ஆணியில் மாட்டிய எவர்சில்வர் தூக்கு ஆடிக்கொண்டே இருந்தது. தூங்கிக்கொண்டிருந்த கணவருக்கு எதுவும் தெரியவில்லை. குவாரி வெடியாக இருக்கும் என்கிறார். மாமனார், “இது பாறை மலை, அசையாது” என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர், “சின்னச் சின்னதாக ஆடிவிட்டால் பெரியது வராது” என்று தேற்றுகிறார். யார் சொல்வதை நம்புவது?

ஒரு வாசகி, கோத்தகிரி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களையே நம்புங்கள். குவாரியில் வெடி வைப்பது பகலில்தான். லாரியாக இருந்தால் உறுமல் தேய்ந்து மறைந்திருக்கும், தூக்கு ஆடியிருக்காது. முதலில் ஒலி, பிறகு குலுக்கல் என்று நீங்கள் வரிசை பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நிலநடுக்கத்தில் இரண்டு வகை அலைகள் பாறைக்குள் புறப்படுகின்றன. முந்தி வருவது பாறையை அழுத்தித் தளர்த்தியபடி விநாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடும். அதில் ஒரு பங்கு காற்றில் ஒலியாகவும் கேட்கும். பிந்தி வருவது சுமார் மூன்றரை கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டு வரும். பாத்திரங்களை ஆட்டுவது இதுதான். இரண்டுக்கும் நடுவே கழியும் ஒவ்வொரு விநாடிக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவு என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் உணர்ந்த இடைவெளி சரி என்றால், அதிர்வு பிறந்த இடம் உங்கள் அடுக்களையிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவில்தான் இருக்க வேண்டும்.

உங்கள் மாமனார் சொல்வதில் பாதி உண்மை. நீலகிரியின் பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானது, மிகவும் இறுகியது. ஆனால் அந்தப் பாறைத் திரளின் வடக்கு விளிம்பில் மாயாறும் தெற்கில் பவானியும் ஓடும் பள்ளங்கள், பூமி எப்போதோ நசுங்கி நெகிழ்ந்த பழைய பலவீனக் கோடுகள். இந்தியாவைச் சுமக்கும் பெரும் பாறைத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டுகிறது. அந்த அழுத்தம் தட்டு முழுவதிலும் பரவி நிற்பதால், இத்தகைய பழைய கோடுகள் எப்போதாவது சற்று விலகும். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் அளவு சுமார் 6. தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அது உணரப்பட்டது. இறுகிய பாறை அதிர்வை எளிதில் விழுங்காது, வெகுதூரம் கடத்திவிடும்.

பக்கத்து வீட்டுப் பெரியவரின் ஆறுதலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அளவில் ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். 6 அளவு நிலநடுக்கம் ஒன்றின் ஆற்றலைத் தீர்க்க வேண்டுமானால் 3 அளவு அதிர்வுகள் முப்பதாயிரத்துக்கும் மேல் வர வேண்டும். அப்படி எங்கும் நடப்பதில்லை. சின்னது வந்தால் பெரியது நிச்சயம் என்று பயப்படவும் வேண்டாம். பெரும்பாலான சிறு அதிர்வுகள் அத்தோடு முடிந்துவிடுகின்றன. ஆனால் மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் அப்படி முடியவில்லை. 1992-இல் அங்கே சிறு அதிர்வுகள் பல வந்தன. நாட்டின் அன்றைய நிலநடுக்க அபாய வரைபடம் அந்தப் பகுதியை அபாயம் மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் வைத்திருந்தது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலை 6.2 அளவில் நிலம் நடுங்கியபோது சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றவை மண் சாந்தில் அடுக்கிய தடித்த கற்சுவர்களும் கனத்த மண் கூரைகளும். 2002-இல் திருத்திய வரைபடத்தில் முதல் மண்டலமே இல்லை. முற்றிலும் பாதுகாப்பான ஊர் என்று நாட்டில் எதையும் குறிக்கவில்லை.

ஆகவே இப்போது பார்க்க வேண்டியது உங்கள் வீட்டை. மண் சாந்தில் கட்டிய பழைய கல் வீடு என்றால், மூலைகளில் சுவர்கள் ஒன்றையொன்று விட்டு விலகியிருக்கின்றனவா என்று விளக்கைப் பிடித்துப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் மேட்டை வெட்டிக் கட்டிய தடுப்புச் சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா, அதன் நீர்த் துளைகள் மண் அடைத்துக் கிடக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். நீலகிரியில் மண்ணைச் சரிப்பது பெரும்பாலும் மழைதான். 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை அப்படித்தான் இழந்தோம். ஆனால் நீர் கோத்து நிற்கும் சுவருக்கு ஒரு சிறு குலுக்கலும் கூடுதல் சுமை. மீண்டும் அதிர்ந்தால் அந்தச் சுவரின் அடியில் ஓடாதீர்கள். கனமான மேசைக்கடியில் புகுந்து, அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடங்கியதும் கேஸை மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் செய்யுங்கள். 1900-ஆம் ஆண்டு அதிர்வின் அளவை இன்று நாம் சொல்ல முடிவதே, எந்த ஊரில் என்ன ஆடியது, எது விழுந்தது என்று அக்காலத்தவர்கள் எழுதி வைத்ததால்தான். நிலநடுக்கம் அபூர்வமான ஊரில் கருவிகளும் குறைவு. அங்கே மனிதர்களின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். தேசிய நிலநடுக்கவியல் மையம் பொதுமக்கள் உணர்ந்ததைத் தன் இணையதளத்தில் பெற்றுக்கொள்கிறது. நேரம், எந்த மாடி, என்ன ஆடியது, எந்தத் திசையில் என்று எழுதி அனுப்புங்கள். கணவர் தூக்கம் கலையவில்லை என்பதையும் சேருங்கள், அதிர்வின் வலிமையைக் கணிக்க அதுவும் ஒரு சான்று. அக்கம்பக்கத்தாரிடமும் கேளுங்கள், ஆனால் நீங்கள் உணர்ந்ததை முதலில் சொல்லிவிடாமல், அவரவர் நினைவு கலப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.