இறந்த பின் வந்த குடியுரிமை

கேள்வி: ஈராக் போரில் உயிரிழந்த அமெரிக்க வீரர்களுள் அந்நாட்டுக் குடிமகனாக இல்லாத ஒருவரும் இருந்தாராமே, அவர் யார்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ஒருவர் அல்லர், பலர் இருந்தனர். ஆயினும், போரின் தொடக்க நாட்களிலேயே, 2003 மார்ச் 21 அன்று, உம் கஸ்ர் துறைமுகத்தின் அருகே உயிர் துறந்த ஹோசே அந்தோனியோ குத்தியெர்ரெஸையே நீங்கள் குறிப்பிடுகிறீர்கள் என எண்ணுகிறேன். மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் இளமையிலேயே பெற்றோரை இழந்து, தலைநகரின் தெருக்களில் வளர்ந்து, சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு மெக்சிகோவைக் கடந்து கலிபோர்னியாவை அடைந்த அவரை, அங்கே வளர்ப்புக் குடும்பங்கள் ஆதரித்தன. க்ரீன் கார்டு பெற்று மரைன் படையில் சேர்ந்தார். கட்டடக்கலை படிக்க வேண்டும் என்பது அவர் கனவு. அவரைக் கொன்றது எதிரியின் குண்டன்று, சொந்தப் படையினரின் குண்டு என்பது பின்னர் தெரியவந்தது. இதை மறைத்துவிட்டு அவரை நினைவுகூர்வது நேர்மையாகாது என்றே கருதுகிறேன்.

இறந்த பிறகு அவருக்குக் குடியுரிமை வழங்கப்பட்டு, உடல் குவாத்தமாலாவில் அடக்கம் செய்யப்பட்டது. அப்போதைய சட்டப்படி அது வெறும் மரியாதை மட்டுமே; உறவினருக்கு எவ்விதக் குடியேற்ற உரிமையையும் அது தரவில்லை. அவ்வாண்டின் இறுதியில் வந்த சட்டத் திருத்தம் இத்தகைய வீரர்களின் துணைவர், பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கு வழிசெய்தபோதும், உடன்பிறந்தோரைச் சேர்க்கவில்லை. குத்தியெர்ரெஸுக்கு இருந்த நெருங்கிய உறவோ, ஒரு சகோதரி.