மேடையில் நிற்கும் கிரண் மறுபடி பறக்குமா?

கேள்வி: கீழக்கரைக்குப் பக்கத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எங்கள் கல்லூரி. விமானப்படை வழங்கிய கிரண் பயிற்சி விமானம் ஒன்று பதினெட்டு ஆண்டுகளாக வாசலில் மேடைமேல் நிற்கிறது. பழைய மாணவர்கள் சேர்ந்து பன்னிரண்டு லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். பெயின்ட் இன்றும் பளபளப்பாகவே இருக்கிறது. விமானப்படையின் பழைய டகோட்டா விமானத்தையே பறக்க வைத்தார்களே, இதைப் பறக்க வைக்க முடியாதா? எங்கிருந்து தொடங்குவது?
— முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: முடியாது, முயலவும் வேண்டாம். ஆனால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அதற்கு நல்ல வேலை இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்தது "பளபளப்பாகவே இருக்கிறது" என்ற வரிதான். ஆண்டுதோறும் குடியரசு தினத்துக்கு முன்னால் ஒரு கை எனாமல் அடித்திருப்பீர்கள். அதற்கு முன்பு போர்வெல் தண்ணீரைக் குழாயில் பிடித்து அடித்துக் கழுவியிருப்பீர்கள். உங்கள் பக்கத்து நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உவர் நீரால் கழுவி, உப்பு காய்ந்த தகட்டின்மேல் பெயின்ட் பூசினால், உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகத்தான் அர்த்தம்.

விமானத்தின் பெரும்பகுதி வீட்டுப் பாத்திர அலுமினியம் இல்லை. நூற்றில் நான்கு பங்கு அளவுக்குச் செம்பு கலந்த உலோகம். வலுவைக் கொடுப்பது அந்தச் செம்பு. கடலோரத்தில் எதிரியாவதும் அதுதான். உப்பு நீர் பட்டால் செம்பு மிகுந்த துகளும் சுற்றியுள்ள அலுமினியமும் ஒரு குட்டி பேட்டரியாகி, அலுமினியம் கரையத் தொடங்கும். இரும்புத் துருவைப் போல இது வெளியே தெரியாது. உலோகம் நுண்ணிய படிக மணிகளால் ஆனது, அந்த மணிகளுக்கு இடையே உள்ள கோடு பிடித்து உள்ளுக்குள் ஓடும். முற்றிய நிலையில், பரோட்டாவைத் தட்டியதும் அடுக்கு பிரிவதைப்போல உலோகம் இதழ் இதழாக விரியும். மேல்தகட்டுக்குச் சுத்த அலுமினியத்தில் மெல்லிய பூச்சு உண்டு, அது ஓரளவு காக்கும். வெட்டிய ஓரத்துக்கும் ரிவெட் துளைக்கும், இறக்கையைத் தாங்கும் ஸ்பாருக்கும் அந்தக் காப்பு கிடையாது.

மழை பெய்யாவிட்டால் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்புத்தூள் தானாக நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். அதைத் தாண்டாத இரவு உங்கள் ஊரில் குறைவு. கோடையில் கச்சான் வீசினாலும் மார்கழியில் வாடை வீசினாலும் விமானத்துக்கு உப்புக் குளியல்தான். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோகத் துண்டுகளைக் கடல் காற்றில் வைத்து அரிப்பை அளக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை விடாமல் பெயின்ட் அடித்துப் பராமரித்தும் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அதுவாவது கனத்த எஃகு. உங்கள் விமானத்தின் மேல்தகடு பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரு சாயங்காலம் வெளிச்சம் மங்கியதும் டார்ச்சுடன் போங்கள். விளக்கை நேராக அடிக்காமல், இறக்கையோடு படுக்கவைத்தாற்போல் பக்கவாட்டில் பிடித்து ரிவெட் வரிசையைப் பாருங்கள். இரண்டு ரிவெட்டுக்கு நடுவே தகடு தலையணைபோல் உப்பியிருந்தால், ஒட்டிய இரு தகடுகளுக்கு இடையே அரிப்பின் வெண்பொடி சேர்ந்து பிதுக்குகிறது என்று பொருள். ரிவெட் தலையிலிருந்து கறுப்பாகப் புகைக்கோடு இழுத்திருந்தால் அது தளர்ந்திருக்கிறது. பெயின்டில் கொப்புளம் கண்ட இடத்தைக் கட்டை விரல் நகத்தால் அழுத்துங்கள். பிறகு சக்கரம் மடங்கும் குழிக்குள் தலையை நுழைத்து, எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடங்களைப் பாருங்கள். வெள்ளைப் பூ பூத்திருக்கும். எஃகு நன்றாகவே இருக்கும். அதற்காகத் தன்னைக் கொடுத்தது அலுமினியம்.

கண்ட அழுக்கையெல்லாம் இரும்பு பிரஷ்ஷால் தேய்த்துவிடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அதைச் செய்து, மேலதிகாரியிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்துகொண்டு, தேய்த்த இடமெல்லாம் புதிய அரிப்புக்கு விதை போடும். நைலான் பட்டை போதும்.

இனி டகோட்டாவுக்கு வருகிறேன். அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ராஜீவ் சந்திரசேகர் வாங்கிப் பரிசளித்த அந்த விமானம் பிரிட்டனில் பல ஆண்டுகள் சீரமைக்கப்பட்டு, 2018 ஏப்ரலில் பறந்தே இந்தியா வந்தது. வி.பி. 905 என்ற எண், 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் வீரர்களை இறக்கிய டகோட்டாவின் நினைவாக இடப்பட்டது. அது சாத்தியமானதற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. ராணுவ டகோட்டா மட்டுமே பத்தாயிரத்துக்கு அருகில் தயாரிக்கப்பட்டது. உலகெங்கும் பயணிகளையும் சுமந்ததால் இந்த வகை விமானம் பாதுகாப்பாகப் பறக்கும் என்ற சிவில் வகைச் சான்றிதழ் உண்டு. உதிரி பாகம் கிடைக்கிறது, அந்த என்ஜினைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த பட்டறைகள் இருக்கின்றன. 2012 விமானப்படை நாளில் பறந்த டைகர் மாத் என்ற பழைய பயிற்சி விமானத்தின் கதை இன்னும் எளிது. மர இறக்கை, துணிப் போர்வை. இற்றுப்போனதைக் கழற்றிவிட்டு அதே அளவில் புதிதாகச் செய்துகொள்ளலாம்.

கிரண் அப்படியில்லை. 1964இல் முதலில் பறந்த இந்த ஜெட், ராணுவப் பயிற்சிக்கென்றே இந்தியாவில் மட்டும் சில நூறு செய்யப்பட்டது. சிவில் சான்றிதழ் வாங்கியதே இல்லை. பிரிட்டனில் பழைய ராணுவ விமானங்களுக்குப் பறக்கும் அனுமதி என்றும், அமெரிக்காவில் சோதனை வகைச் சான்றிதழ் என்றும் தனி வழிகள் உண்டு. நம் டகோட்டாவும் டைகர் மாத்தும் விமானப்படையின் சொந்தப் பொறுப்பில் பறப்பவை. ஒரு கல்லூரிச் சங்கத்துக்கு அந்தக் குடை கிடையாது. உங்களுக்கு வழங்கிய கடிதத்தை எடுத்துப் பாருங்கள், காட்சிக்கு மட்டும் என்றுதான் இருக்கும்.

இன்னொன்று, அலுமினியம் களைப்பை மறக்காது. ஒவ்வொரு பல்டிக்கும் ஒவ்வொரு தரையிறக்கத்துக்கும் கணக்கு வைத்துக்கொள்ளும். பயிற்சி விமானம் படுகிற பாடு பெரிது. எத்தனை மணி நேரம் பறந்தது, எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது என்ற பதிவேடு இல்லாமல் எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போடமாட்டார். போடுகிறேன் என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

யாரையும் உள்ளே உட்கார வைக்கும் முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஆபத்தில் விமானியை இருக்கையோடு வெளியே எறியும் எஜெக்‌ஷன் சீட் இதில் உண்டு. வெடிமருந்துக் குப்பிகள் நீக்கப்பட்டதற்கு எழுத்துப்பூர்வச் சான்று இருக்கிறதா? இல்லையென்றால் விமானப்படைக்கு எழுதுங்கள். அதுவரை விமானி அமரும் கூண்டுக்குப் பூட்டு. ஹைட்ராலிக் அமைப்பில் அழுத்த வாயு அடைத்த குடுவைகளும் இருக்கலாம், தெரியாதவர் கை வைக்கக் கூடாது.

இனி பன்னிரண்டு லட்சம். முதல் செலவு கூரை. நான்கு பக்கமும் காற்று புகுந்து வெளியேறும் உயரமான கொட்டகை போதும். தார்ப்பாயைப் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே புழுங்கும். அடுத்து, மழைநீர்த் தொட்டி ஒன்று கட்டி, மாதம் ஒருமுறை அந்த நீரில் மட்டும் கழுவுங்கள். பழைய பெயின்டை ரசாயனத்தால் உரித்து, அரிப்பை அகற்றி, விமானத்துக்குரிய ப்ரைமர் அடித்த பிறகே புது நிறம். ஓய்வுபெற்ற விமானப்படை, கடற்படைத் தொழில்நுட்பக்காரர்கள் உங்கள் மாவட்டத்தில் இல்லாமலா போவார்கள்? அவர்களில் இருவரைப் பிடித்து, விமானத்தை ஜாக்கியில் ஏற்றி, வெளியிலிருந்து பம்ப் வைத்துச் சக்கரம் மடங்கி விரியச் செய்யுங்கள். இறக்கை விளக்கு எரியட்டும், இறக்கையின் பின்னோரத்தில் அசையும் ஃபிளாப் இறங்கி ஏறட்டும். அரிப்பு தின்ற ஒரு தகட்டை வெட்டி எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மாணவர்களைத் தொட்டுப் பார்க்க விடுங்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் காட்சிக்கு நின்ற பறக்காத இரண்டு பழைய விமானங்கள்தான், உங்கள் ராமேசுவரத்துக்காரரான அப்துல் கலாமை விமானப் பொறியியல் பக்கம் இழுத்தன.

இதற்கெல்லாம் மாதங்கள் ஆகும். ஐப்பசி மழைக்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான். இறக்கைக்கும் வயிற்றுக்கும் அடியில் நீர் வடிய விரற்கடை அகலத்துக்கும் குறைவான துளைகள் இருக்கும். அவற்றில் பாதியைக் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். ஏணி போட்டு ஒவ்வொன்றாகக் குத்தி விடுங்கள். மரக்குச்சியால்.