மாம்பழக் கூழ் ஆலை: கிருஷ்ணகிரியா, சென்னைப் புறநகரா?

சென்னைப் புறநகரில் வாடகைக்குக் கொட்டகை கிடைக்கும்போது கிருஷ்ணகிரிக்குப் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் போங்கள். கூழுக்கு ஏற்ற பெங்களூரா ரக மாங்காய் அங்கே பக்கத்துத் தோட்டங்களிலிருந்தே வந்து இறங்கும். கழிவாகப் போகும் கொட்டைக்கும் தோலுக்கும் சேர்த்துச் சென்னை வரை லாரி வாடகை கொடுப்பானேன்? கூழாக அடைத்த பிறகு துறைமுகத்துக்கு அனுப்புங்கள். பெங்களூரு சந்தை இன்னும் பக்கம்.

மாங்காய் வரத்து சில மாதங்களில் முடிந்துவிடும் என்பதுதான் என் கவலை. இயந்திரம் சும்மா கிடந்தாலும் வட்டி நிற்காது. ஆகவே அதே மாவட்டத்து ராயக்கோட்டைத் தக்காளியையும் அரைக்கக்கூடிய இயந்திரமாக வாங்குங்கள். உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான மத்திய அரசின் பிஎம்எஃப்எம்இ திட்டத்தில் தகுதியான திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.